கொல்லையில் சிமெண்டை உடைத்த கதை

2021 ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை வருகிறதே என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன அம்மா, கொல்லையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்த இடம் சேறு இல்லை, பச்சைப் பாசி படிந்த சிமெண்ட் தரை. அம்மா சேற்றில் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று 2009-ல் நாங்களே காசு கொடுத்துப் போட்ட தரை.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி அம்மா ஒன்று சொன்னார். "மண்ணா இருந்தப்போ பதினெட்டு வருஷம் நான் விழலையேடா."

இந்தக் குறிப்புகள் அந்த ஒரு வரியில்தான் ஆரம்பித்தன. நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை, கணக்கு எழுதுவதுதான் தொழில். ஆனால் அடுத்த மூணு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக அந்தக் கொல்லையில்தான் கிடந்தேன். செய்ததில் பாதி தப்பு. அந்தத் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏன்னா அதுலதான் விஷயமே இருக்கு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலையூர் பக்கம் ஒரு கிரவுண்டு மனை, 2400 சதுர அடி. அப்பா 1991-ல் கட்டிய வீடு அதில் பாதியை அடைத்துக்கொள்கிறது. மீதி 1200 சதுர அடியில் முன்னால் வாசல், இரண்டு பக்கமும் நாலடி சந்து, பின்னால் கொல்லை, கொல்லை ஓரத்தில் ஒரு உறைக்கிணறு. 2009 வரை எல்லாமே மண்தான். இலை கூட்டி மாளவில்லை, மழை வந்தால் சேறு, ஒரு தடவை சாரைப்பாம்பு வேறு வந்துவிட்டது. மூணு காரணமும் சேர்ந்து, மொத்தத்தையும் சிமெண்ட் பூசிவிடலாம் என்று முடிவு பண்ணினோம். வந்த மேஸ்திரி, "ஒரே லெவலா இழுத்துடலாம் சார், பாக்க நீட்டா இருக்கும்" என்றார். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அந்த "ஒரே லெவல்"தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வாட்டம் இல்லாத தரையில் தண்ணீர் எங்கேயும் போகாது. நின்ற இடத்தில் பாசி. சுவர் ஓரமாக நின்றால் சுவருக்குள் ஓதம். எங்கள் சமையலறைச் சுவரில் ஒன்றரை அடி உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து உப்புப் பூத்தது. இரண்டு தடவை பெயிண்ட் அடித்தோம். இரண்டு தடவையும் உள்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம், வெளியே போய்ப் பார்க்கணும்னு யாருக்கும் தோணலை.

இன்னொன்றும் நடந்திருந்தது. 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அப்பா கொல்லை மூலையில் மூணடிக்கு மூணடி, அஞ்சடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, ஜல்லியும் மணலும் போட்டு, மொட்டை மாடிக் குழாயை அதில் இறக்கியிருந்தார். 2009 வேலையில் அந்தக் குழி மேல் ஒரு சிலாப்பை வைத்துப் பூசிவிட்டார்கள். மாடிக் குழாயைத் தெருப் பக்கம் திருப்பி விட்டார்கள். நாங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் 1200 சதுர அடி என்பது சுமார் 111 சதுர மீட்டர். சென்னைப் பக்கம் ஆண்டு மழை சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பெருக்கினால் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் பார்த்தால் 13 லாரி. மொட்டை மாடியைச் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மண்ணாக விட்டிருந்தால் இது முழுக்க உள்ளே இறங்கியிருக்கும் என்று சொல்லவில்லை. வெயிலில் கொஞ்சம் போகும், செடி கொஞ்சம் குடிக்கும், பெருமழையில் கொஞ்சம் தெருவுக்கே ஓடும். ஆனால் நாங்கள் செய்தது, முழுவதையும் தெருவுக்கும் சுவருக்கும் அனுப்பியது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையில் எங்கள் உறைக்கிணறு அடிமண் தெரியக் காய்ந்து கிடந்தது. லாரிக்காக ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்தோம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

வீட்டைச் சுற்றி இருக்கிற இடத்தைச் சீர்செய்கிறேன் என்று கிளம்பினால் எல்லாரும் முதலில் நர்சரிக்குத்தான் போகிறோம். நானும் போனேன். அது தப்பு. முதலில் செய்ய வேண்டியது, நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஒரு மணி நேரம் நிற்பது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரில் போய் முட்டுகிறது, கடைசியில் எங்கே வெளியேறுகிறது? ஒரு காகிதத்தில் வீட்டின் வரைபடம் போட்டு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். மழை விட்டபிறகு அரைமணிக்கு ஒரு தடவை போய், தேங்கின தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் தாளில் மூணு அம்புக்குறி சமையலறைச் சுவரைப் பார்த்து இருந்தது.

அடுத்து மட்டம் பார்க்க வேண்டும். ரசமட்டம் சின்னத் தூரத்துக்குத்தான் உதவும். கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் லெவல்தான் சரி. பத்து மீட்டர் கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவர் ஓரமும் மறுமுனையைக் கேட் ஓரமும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு எவ்வளவு என்று டேப்பில் அளந்தால், எது மேடு எது பள்ளம் என்று தெரிந்துவிடும். ஒரு ஆள் உதவிக்கு வேண்டும். என் பெண் பிடித்தாள், கூலி ஒரு குல்ஃபி.

வாட்டம் எவ்வளவு வேண்டும்? சிமெண்ட், பேவர் பிளாக் மாதிரி கெட்டித் தரை என்றால், சுவரிலிருந்து வெளியே நாலடிக்கு ஒரு அங்குலம் இறங்கினால் போதும். மண் தரைக்கு அதைப் போல இரண்டு மூணு மடங்கு வேண்டும், ஏன்னா மண் போகப்போக அமுங்கி, வாட்டம் குறைஞ்சுடும். இன்னொரு முக்கியமான விஷயம், வெளி மண் வீட்டின் உள்தரை மட்டத்தைவிட அரையடியாவது கீழே இருக்க வேண்டும். மண் கொட்டி மேடாக்குகிறேன் என்று சுவரோடு ஒட்டி ஏற்றிவிட்டால், ஈரமும் கரையானும் நேராகச் சுவருக்குள் ஏற வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இங்கேதான் சென்னைப் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு தனித் தலைவலி. 1991-ல் தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு மூணு படி ஏறணும். இன்றைக்கு ஒரு படிதான் மிச்சம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் கணக்குப்படி குழிக்குள் இறங்கிவிட்டது. அதனால் "தண்ணியைத் தெருவுக்கு வடிய விடு" என்கிற பழைய அறிவுரை பல வீடுகளுக்கு இப்போது பொருந்தாது. தெருத் தண்ணீர்தான் உள்ளே வரும். நாங்கள் செய்தது இதுதான். கேட் வாசலில் ஆறு அங்குல உயரத்தில், ஸ்கூட்டர் ஏறி இறங்குகிற மாதிரி சரிவாக ஒரு வரப்பு. உள்ளே பெய்கிற மழையைத் தெருப் பக்கம் அனுப்பாமல் கொல்லைப் பக்கம் இழுத்து, வீட்டிலிருந்து தள்ளி, பழைய குழி இருந்த மூலையில் இறக்குவது. இதற்குச் சிமெண்டை உடைத்தே ஆகணும்.

2022 தை மாதம் உடைக்க ஆரம்பித்தேன். மழை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் இருக்கிற அந்த இரண்டு மாதம்தான் இந்த வேலைக்குத் தோது. எங்களுடையது இரண்டரை அங்குல கனம். கடப்பாரையை நட்டுக்கொண்டு உடைக்கக் கூடாது, ஓரத்தில் ஒரு இடத்தில் பிளந்து, கடப்பாரையைக் கீழே கொடுத்துத் தூக்கி, தூக்கின நிலையில் சம்மட்டியால் அடித்தால் பாளம் பாளமாகப் பெயரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மூணாவது வாரம், குளியலறைக் கழிவுக் குழாயைக் கடப்பாரையால் குத்திவிட்டேன். உடைப்பதற்கு முன்னால் கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, மீட்டர் பெட்டிக்கான எர்த் கம்பி எங்கே புதைந்திருக்கிறது, செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழாய் போனால் நாத்தம், அவ்வளவுதான். எர்த் கம்பி போனால் அது உயிர் விஷயம்.

எல்லாவற்றையும் உடைக்கவில்லை. கிணற்றைச் சுற்றி, துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, அம்மா நடக்கிற பாதை, இவற்றுக்குக் கெட்டித் தரை வேண்டும். அங்கே மட்டும் வாட்டத்தோடு சொரசொரப்பாகத் திரும்பப் பூசினேன். வழவழவென்று தேய்த்து விடச் சொல்லாதீர்கள். தரை ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் கால் பிடிக்கும்.

உடைத்த சிமெண்டுத் துண்டுகளை என்ன செய்வது? நான் செய்த பெரிய முட்டாள்தனம் இங்கேதான். கொல்லையில் பள்ளமாக இருந்த ஒரு மூலையில் எல்லாவற்றையும் கொட்டி, மேலே ஒரு அடி செம்மண் போட்டு மூடி, எலுமிச்சை வைத்தேன். ஆறு மாதத்தில் கொழுந்து இலைகள் மஞ்சளாகிவிட்டன, நரம்பு மட்டும் பச்சையாக. உரம் போட்டேன், சாணம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் புரிந்தது. சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. எலுமிச்சை வகைக்கு இது சீக்கிரம் தெரியும். செடியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தேன், பிழைத்துக்கொண்டது. துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, பாதை ஓரக் கல்லாகப் பதித்தேன். செடி வைக்கிற இடத்தில் கட்டட இடிபாடு ஒரு கை அளவு கூட வேண்டாம்.

மண்ணைத் தெரிந்துகொள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். இரண்டு சோதனை போதும். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூணில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் மணல் அடியில் உட்காரும், சில மணி நேரத்தில் வண்டல், களி உட்கார ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அடுக்கு அடுக்காகத் தெரியும், ஸ்கேல் வைத்து அளக்கலாம். இரண்டாவது, ஒரு அடி நீள அகல ஆழத்தில் ஒரு குழி தோண்டி, ஒரு தடவை தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் என்றால் கவலையே இல்லை. அரை அங்குலத்துக்குக் கீழே என்றால் களி. எங்களுக்கு முக்கால் அங்குலம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணலில் வீடு இருப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதி தேவையில்லை, தண்ணீர் தானாக இறங்கிவிடும். அவர்கள் கவலை வேறு, ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் நிற்காது. களிமண்காரர்களுக்குத்தான் ஒரு எச்சரிக்கை. "ரெண்டடிக்கு ரெண்டடி குழி எடுத்து, மண்ணை எல்லாம் எடுத்துட்டு முழுக்க எரு நிரப்பி செடியை வை"ன்னு சொல்வாங்க. கெட்டிக் களிமண்ணில் அப்படிச் செய்தால் அந்தக் குழி ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் இறங்காத தண்ணீர் எல்லாம் அதற்குள் வந்து நிற்கும், வேர் அழுகும். எடுத்த மண்ணிலேயே நாலில் ஒரு பங்கு மக்கின எரு கலந்து அதையே திரும்பப் போட்டு, செடியைத் தரை மட்டத்தைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி வைப்பது நல்லது. மாதுளை ஒன்றை இப்படிப் பறிகொடுத்தபிறகு கற்றுக்கொண்டது.

அப்பாவின் குழிக்கு வருகிறேன். சிலாப்பைத் தூக்கினபோது உள்ளே மேல் அரையடி முழுக்க வண்டல் படிந்து, மேலே சின்ன தோசைக்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குக் கீழே மணல் அப்படியே இருந்தது. மேல் மணலை அள்ளி, அலசி, திரும்பப் போட்டேன். மொத்த வேலை ஒரு நாள். 2003-ல் அவசர அவசரமாகக் கட்டின குழிகள் பல இன்றைக்கு வேலை செய்யாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குழி கெட்டுப்போகவில்லை, மேல்தோல் அடைத்துக்கொண்டது. வருஷம் ஒரு தடவை, புரட்டாசியில், மேல் மணலை எடுத்து அலசினால் போதும். முதல் மழையில் மாடியில் இருக்கிற தூசியும் பறவை எச்சமும் வரும், அதை மட்டும் வெளியே விடுவதற்கு ஒரு மூடி இருந்தால் நல்லது. புதிதாகக் குழி எடுப்பவர்கள் செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், வீட்டு அஸ்திவாரத்துக்கு ஒட்டியும் வேண்டாம்.

இப்போது செடிகள். முதலில் புல்தரை ஆசை. வாசலில் 200 சதுர அடிக்கு, ஒரு நர்சரிக்காரர் பேச்சைக் கேட்டு, பாய் மாதிரிச் சுருட்டி விற்கிற மெக்சிகன் புல் போட்டேன். இரண்டு மாதம் கண் கூசுகிற பச்சை. பிறகு சித்திரை வந்தது. கோடையில் புல்தரையிலிருந்து ஒரு நாளைக்கு அஞ்சு மில்லிமீட்டர் அளவில் தண்ணீர் ஆவியாகும். 200 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 90 லிட்டர், தினமும். சம்ப்பில் தண்ணீர் இல்லாத ஊரில் நான் புல்லுக்கு ஆறு குடம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். வைகாசியில் ஊற்றுவதை நிறுத்தினேன், புல் செத்தது.

அந்த இடத்தில் இப்போது பொடுதலை. வாய்க்கால் ஓரம், வயல் வரப்பில் தானாகப் படர்கிற செடிதான், துவையல் அரைப்போமே அது. கணுவுக்குக் கணு வேர் விடும், தரையோடு தரையாகப் படரும், மிதித்தால் சாகாது, கோடையில் வாடினாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும். தெரிந்தவர் வயலிலிருந்து ஒரு கோணிப்பை தண்டு கொண்டுவந்து, ஜாணுக்கு ஒன்றாக ஊன்றினேன். நாலு மாதத்தில் மூடிவிட்டது. குறை இல்லாமல் இல்லை. பூக்கும்போது தேனீ வரும், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடினால் கொட்டும். விட்டால் செடிப் பாத்திக்குள்ளும் புகும், ஓரத்தை மாதம் ஒரு தடவை வெட்டிவிடணும்.

மரம் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எதிர் வீட்டு குல்மொஹர் மரம் எங்கள் காம்பவுண்டு சுவர் மேல் விழுந்தது. ஒரு பக்கம் வேரை ரோட்டு வேலைக்காக வெட்டியிருந்தார்கள், மறுபக்கம் அடிவரை சிமெண்ட். மரத்தின் மேல் குற்றம் இல்லை. குல்மொஹர், பெருங்கொன்றை இரண்டும் அழகுதான், ஆனால் சீக்கிரம் வளர்கிற, கிளை லேசில் முறிகிற மரங்கள். சின்ன மனைக்கு ஏற்றவை இல்லை. வேம்பு, மா மாதிரி பெரிய மரம் வைக்க ஆசை என்றால் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். நாலடிச் சந்தில் கறிவேப்பிலை, மருதாணி, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி, இவை போதும், வெட்டி வெட்டி அளவோடு வைத்துக்கொள்ளலாம். கொய்யாவும் எலுமிச்சையும் கொல்லைக்கு. முருங்கை வைக்கிறவர்கள் துணிக்கொடி பக்கத்தில் வைக்காதீர்கள், கம்பளிப்பூச்சி வரும் பருவத்தில் அவஸ்தை. சுவர் வெடிப்பில் அரசு, ஆலங்கன்று முளைத்திருந்தால் இரண்டு இலையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். கையளவு வளர்ந்துவிட்டால் வேர் உள்ளே போயிருக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

குளியலறைத் தண்ணீர் வெளியேறுகிற இடத்தில் வாழையும் கல்வாழையும் சேம்பும் வைத்தோம். அப்பா காலத்தில் அங்கே வாழைதான் இருந்தது, சிமெண்ட் போடும்போது வெட்டினது. குளித்த தண்ணீரைத் தாராளமாக விடலாம். வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் விடாதீர்கள். சோப்புத்தூளில் இருக்கிற சோடியம் களிமண்ணை இறுக்கி, மேலே ஓடு மாதிரி ஆக்கிவிடும், பிறகு தண்ணீரே இறங்காது.

இனி இலை. 2009-ல் சிமெண்ட் போட முதல் காரணமே இலை கூட்ட முடியவில்லை என்பதுதான். இப்போது கூட்டுவதில்லை, ஒதுக்குகிறேன். பாதையில் விழுவதைப் பாத்திக்குள் தள்ளி, செடிக்கு அடியில் இரண்டு மூணு அங்குல கனத்துக்கு மூடாக்காகப் போட்டுவிடுகிறேன். கோடையில் ஈரம் நிற்கிறது, களை பாதியாகக் குறைந்துவிட்டது, ஒரு வருஷத்தில் அதுவே மண்ணாகிவிடுகிறது. இரண்டு இடத்தில் மட்டும் இலை படக் கூடாது. செடியின் தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் பட்டை அழுகும். வீட்டுச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும், இல்லையென்றால் கரையான்.

மூடாக்கையும் மீறி வருகிற களையில் இரண்டைத்தான் நான் எதிரியாக நினைக்கிறேன். ஒன்று கோரை. மேலே பிடுங்கினால் அது சிரிக்கும், கிழங்கு கீழே சங்கிலி மாதிரி தொடுத்துக்கொண்டு இருக்கிறது. மழை விட்ட இரண்டாம் நாள் களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டி கிழங்கோடு எடுப்பது, திரும்ப முளைத்தால் திரும்ப எடுப்பது, வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது பார்த்தீனியம். பூப்பதற்கு முன்னால், கைக்கு உறை போட்டு, வேரோடு. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். மற்றபடி கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை எல்லாம் ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

"மண்ணா விட்டா கொசுவும் பாம்பும் வருமே?" பக்கத்து வீட்டு மாமா இதைத்தான் கேட்டார். கொசு மண்ணில் முட்டை போடுவதில்லை, தேங்கின தண்ணீரில் போடுகிறது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு தடவை பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். மழைத் தண்ணீர் ஒரு நாளில் மண்ணில் இறங்கிவிட்டால் கொசுவுக்கு அவகாசமே கிடைக்காது. பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருகிறது, ஒளிய இடம் பார்க்கிறது. செங்கல் குவியல், தென்னை மட்டைக் குவியல், சுவர் ஓரப் பொந்து, இவை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது என்று சொல்வதை நான் நம்பவில்லை, நம்பி ராத்திரியில் டார்ச் இல்லாமல் நடக்கவும் மாட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எல்லாவற்றுக்கும் பரீட்சை. தெருவில் முழங்கால் தண்ணீர், கேட் வரப்பைத் தாண்டி உள்ளே வந்தது. நிலத்தடியே நிறைந்துவிட்ட நேரத்தில் குழியால் ஒன்றும் செய்ய முடியாது, நிரம்பி நின்றது. ஆனால் வாட்டம் வேலை செய்தது. தண்ணீர் கொல்லை மூலையில்தான் நின்றது, வீட்டுச் சுவரைத் தொடவில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அப்போது சமையலறைக்குள் அரையடித் தண்ணீர் இருந்தது. இரண்டு மழையும் ஒன்று இல்லைதான், ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லை. சமையலறைச் சுவர் இரண்டு வருஷமாக உரியவில்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

கிணற்றைப் பற்றிக் கேட்பீர்கள். போன இரண்டு கோடையிலும் வற்றவில்லை. அது எங்கள் கொல்லையால்தான் என்று சொல்ல மாட்டேன், நல்ல மழை வருஷங்கள் அவை, நிலத்தடித் தண்ணீர் எங்கள் காம்பவுண்டு சுவரைப் பார்த்துவிட்டு நிற்பதும் இல்லை. பக்கத்து வீட்டு மாமா இந்தத் தை மாதம் அவருடைய சந்தில் பாதியை உடைக்கிறேன் என்று கடப்பாரையைக் கேட்டிருக்கிறார். எர்த் கம்பியைப் பார்த்துக்கச் சொன்னேன்.

இந்தப் புரட்டாசிக்கு எனக்குப் பாக்கி இருக்கிற வேலை குழியின் மேல் மணலை அலசுவது, கொல்லைப் பாதையில் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் முளைத்திருக்கிற கன்றுகளைப் பெயர்ப்பது. துணிக்கொடியை மட்டும் போன வாரமே மாற்றிவிட்டேன். இப்போது அது கொல்லைக்கதவுக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே இருக்கிறது. மழை வந்தால் அம்மா வாசற்படியை விட்டு இறங்காமலே துணியை எடுத்துவிடலாம். அதை 2009-லேயே செய்திருக்கலாம், ஐம்பது ரூபாய்க் கயிறு.